எகோஃபிஸ்க்: எண்ணெய் ஏறியது, கடல் தரை இறங்கியது

வட கடலில் நார்வேக்குச் சொந்தமான எகோஃபிஸ்க் எண்ணெய் வயல். அதன் நடுவே பத்து லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் பிடிக்கும் ஒரு கான்கிரீட் தொட்டி. அலையின் வேகத்தைக் குறைக்க, தொட்டியைச் சுற்றி வரிசை வரிசையாகத் துளைவிட்ட சுவர். 1984-இல் அந்தச் சுவரைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீருக்கு மேல் இருந்த துளை வரிசைகளில் சில குறைந்திருந்தன. கடல்மட்டம் ஏறிவிடவில்லை. தொட்டியையும் எண்ணெய் மேடைகளையும் சுமந்துகொண்டு கடல் தரைதான் சுமார் மூன்று மீட்டர் இறங்கியிருந்தது.

காரணம் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அங்கே எண்ணெய் தங்கியிருப்பது சீமைச்சுண்ணாம்புப் பாறையில். நுண்ணிய கடல்பாசிகளின் ஓட்டுத் துகள்கள் படிந்து உருவானது. சில இடங்களில் பாறையின் கன அளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெறும் துளை. மேலே உள்ள மண்ணும் பாறையும் கடல்நீரும் சேர்ந்து அதை அழுத்துவது, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 9,000 பவுண்டு. அதில் சுமார் 7,000-ஐத் தாங்கியது துளைகளுக்குள் அடைபட்டிருந்த எண்ணெயின் அழுத்தம். பாறையின் பங்கு 2,000 மட்டுமே. எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளழுத்தம் 4,000-க்கு வந்தால், பாறையின் தலையில் விழுவது 5,000. மேல்சுமை மாறவில்லை, தாங்கும் ஆள்தான் மாறினார்.

இந்தக் கழித்தல் கணக்கைப் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920-களிலேயே மண்ணுக்குச் சொல்லிவிட்டார். கடினமான மணற்பாறையாக இருந்தால் இந்தக் கூடுதல் சுமைக்குக் கொஞ்சம்தான் சுருங்கியிருக்கும். சீமைச்சுண்ணாம்போ ஓர் எல்லை வரை பொறுத்துவிட்டுச் சட்டென்று நொறுங்கும், துளைகள் மூடிக்கொள்ளும்.

1987-இல் மேடைகளின் கால்களை அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கி, இடையில் ஆறு மீட்டர் இரும்புக் குழாய்களை வைத்துப் பொருத்தினார்கள். அதே ஆண்டில் பெரிய அளவில் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தவும் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் இப்படித்தான் எண்ணெய் எடுத்ததால் ஒன்பது மீட்டர் வரை தாழ்ந்து, நீர் செலுத்திய பிறகு நின்றது. அங்கே பலித்த வைத்தியம் இங்கேயும் பலிக்கும் என்று நம்புவதில் தவறில்லை.

எகோஃபிஸ்கில் உள்ளழுத்தம் மீண்டது, ஆனால் தரை இறங்குவது நிற்கவில்லை. எண்ணெய் ஊறிய சீமைச்சுண்ணாம்பு தாங்கும் சுமையை, கடல்நீர் புகுந்த அதே பாறை தாங்குவதில்லை. சுமார் 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கடல்நீரில் உள்ள சல்பேட்டும் மக்னீசியமும் துகள்களின் பரப்போடு வினைபுரிந்து பிடிப்பைத் தளர்த்துகின்றன என்பது ஆய்வகச் சோதனைகளில் பிறகு தெரியவந்தது. ஆக, அழுத்தத்தை மட்டும் பார்த்த கணிப்புக்குள் வேதியியலையும் சேர்க்க வேண்டியதாயிற்று. என் பார்வையில் எகோஃபிஸ்கின் பெரிய வரவு இதுதான். கழித்தல் சரியாகவே இருந்தது. பாறை கடைசிவரை அதே பாறையாக இருக்கும் என்ற அனுமானம்தான் சறுக்கியது.

பாறை சுருங்குவதில் லாபமும் உண்டு. சுருங்கும் பாறை தன்னிடமிருந்த எண்ணெயைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. தொடக்கத்தில் மொத்த எண்ணெயில் பதினேழு சதவீதம் அளவே எடுக்க முடியும் என்று நினைத்த வயலில், நீர் செலுத்தலும் இந்தப் பிழிதலும் சேர்ந்து, இன்று பாதியையாவது எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

1998-இல் இயங்கத் தொடங்கிய புதிய மேடைகள், தரை இனியும் இறங்கும் என்று கணக்கிட்டே உயர்த்திக் கட்டப்பட்டவை. 2010 முதல் கடல் தரையில் நிரந்தர நில அதிர்வு உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நீர் எந்தப் பக்கம் பரவுகிறது, பாறை எங்கே சுருங்குகிறது என்பதை அவை அளந்து தர, அதற்கேற்பக் கணினி மாதிரியைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.