நாய் உள்ளே, தூக்கம் வெளியே

வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும் கேமரா காட்சி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், அடுத்த சில வாரங்களில் மலையில் மருத்துவம் பார்க்கும் எங்களிடம் ஒரே மாதிரியான புகார்கள் வரும். தூக்கம் இல்லை, பகலெல்லாம் அசதி, தலை கனம், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்பார் ஒருவர். கொழுந்து பறிக்கும்போது கண் சொக்குகிறது என்பார் இன்னொருவர். எல்லாம் கேட்டு முடித்து, “ராத்திரி நாய் எங்கே படுக்கிறது?” என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அதுவரை திண்ணையில் கிடந்த நாய் இப்போது கம்பளிக்குள் படுக்கிறது.

பயத்தில் தவறில்லை. 2023 நவம்பரில், தீபாவளி சமயத்தில், குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உள்ளிட்ட பலர் காயமடைந்தார்கள். சமவெளியில் இருக்கும் மருத்துவர், “நாயை வெளியே விடுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இங்கே அது நடக்காது. எஸ்டேட் லைன் வீட்டு முற்றத்தில் சங்கிலியில் கட்டிய நாய், சிறுத்தைக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி. அதனால் நாய் உள்ளே வரட்டும். ஆனால் அதற்குப் பிறகு நம் ஆட்கள் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

யார் யாரை எழுப்புகிறார்கள்?

நாயின் தூக்கம் நம் தூக்கம் போல ஒரே நீட்டாக இருக்காது. சிறிது நேரம் தூங்கும், எழுந்து காதைத் தூக்கிக் கேட்கும், சுற்றி வந்து மறுபடி படுக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை இப்படி நடப்பது அதற்கு இயல்பு. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நடந்தாலும், குப்பைத் தொட்டியைக் கரடி உருட்டினாலும் குரைப்பது அதன் வேலை. பூனையோ விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. காலை நான்கரைக்கு உங்கள் முகத்தைத் தட்டுவது அதன் கணக்கில் சரியான நேரம்தான்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தூக்கக் கோளாறு இல்லாத 40 பேருக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். நாய் அறையில் இருந்தபோது, படுக்கையில் கிடந்த நேரத்தில் சுமார் 83 சதவீதம் தூக்கமாக இருந்தது. நாய் கட்டிலில் ஏறியபோது 80 சதவீதம். அறைக்குள் நாய் இருப்பதால் மட்டும் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. கட்டிலுக்கு வந்ததும் கொஞ்சம் குறைந்தது. அது சின்ன ஆய்வுதான். ஆனால் நான் இங்கே பார்ப்பதும் அதற்கு மாறாக இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நாய் எழுப்புகிறது என்று வருகிறவர்களில் சிலரை உண்மையில் எழுப்புவது அவர்களுடைய உடம்பு. குறட்டை விடுபவருக்குத் தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, திணறலோடு திரும்பும். அந்தத் திணறலைக் கேட்டு நாய் பதறி எழுந்து முகத்தை நக்கும். கண் விழித்தவருக்கு நக்கியது மட்டும் ஞாபகம் இருக்கும். சர்க்கரை கட்டுப்படாதவர் ராத்திரியில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவார். கூடவே நாயும் எழும். பழி நாய் மேல் விழும். விடியற்காலை இருமல், நெஞ்சில் விசில் சத்தம் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். சர்க்கரை, நுரையீரல் திறன், தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை: இவ்வளவுதான் பார்க்க வேண்டியவை.

மெடிக்கலில் வாங்கிய தூக்கம்

வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், அலர்ஜிக்கு வாங்கிய அவில், குழந்தையின் இருமல் டானிக். கேட்டால், “அரை மாத்திரைதான் டாக்டர்” என்பார்கள். தூக்க மாத்திரை பழகிவிடும். பிறகு அது இல்லாமல் கண் மூடாது. மூச்சுத் திணறலோடு குறட்டை விடுபவருக்கு அது ஆபத்து. வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாத்திரை மயக்கத்தில், நாய்க்குக் கதவு திறக்க எழுந்து, இருட்டில் அந்த நாய் மேலேயே தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுப்பவர்களிடம் என்ன சொல்வது? அவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை.

“குளிருக்கு ஒரு பெக்” என்பது மலையில் பெரிய வைத்தியம். மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் கதகதப்பாகத் தோன்றும். அதே நேரத்தில் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும். முன்னிரவில் தூக்கம் அமுக்கும். பின்னிரவில் அது கலையும், குறட்டை கூடும்.

இதையெல்லாம் நாய்க்கும் கொடுக்கிறார்கள். குரைக்காமல் இருக்க மனிதருக்கான தூக்க மாத்திரை, நடுங்குகிறது என்று மூடியில் பிராந்தி, வயதான நாய் முனகினால் மூட்டு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் நாயின் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். ராத்திரியில் புதிதாக அலைமோதும் கிழட்டு நாய்க்குக் குளிரில் மூட்டு வலி இருக்கலாம், சர்க்கரை நோய் இருக்கலாம், வயதால் மூளை தளர்ந்து பகல் இரவு குழம்பியிருக்கலாம். கால்நடை மருத்துவர் எதற்கு இருக்கிறார்?

காலங்காலமாகச் சொல்லப்படுபவை

“நாய் ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும்.” இதை நம்பி, உடம்பு முடியாத பெரியவர்கள் விடிய விடிய கண் விழித்துக் கிடக்கிறார்கள். தூரத்து நாய்க்குப் பதில் சொல்லவும், தனியாக விடப்பட்டாலும், வலித்தாலும் நாய் ஊளையிடும். எமனைப் பார்த்து ஊளையிடுவதில்லை. தயவுசெய்து பாட்டிகளிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

“நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும்.” முடியால் கட்டி வராது. ஆனால் இந்தப் பயத்துக்குப் பக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆடு, மாட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் தின்னும் நாயின் வயிற்றில் ஒருவகை நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, கை வழியாக நம் வாய்க்குள் போனால் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். ஆடு வெட்டும் இடத்துக் கழிவை நாய்க்குப் போடாமல் இருப்பதும், கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புழு மருந்து கொடுப்பதும்தான் வழி. முடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் செய்வதில்லை.

“முடி குறைந்த ஜாதி வாங்கினால் அலர்ஜி வராது.” அலர்ஜியைக் கிளப்பும் புரதம் எச்சிலிலும், உதிரும் தோல் செதிலிலும் இருக்கிறது. மொழுமொழு நாய்க்கும் அது உண்டு. பூனையை ஊருக்கு அனுப்பிவிட்டாலும் அந்தப் புரதம் மாதக்கணக்கில் மெத்தையில் தங்கும். ஊட்டிக் குளிரில் ஜன்னலே திறக்காத அறை, ஈரம் காயாத கம்பளி, அதில் நாய். இருமல் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

“பகலில் கட்டிப்போட்டால் ராத்திரி நன்றாகக் காவல் காக்கும்.” காவல் காக்காது, தூங்காது, அவ்வளவுதான். பகல் முழுக்கச் சங்கிலியில் தூங்கிய நாய் ராத்திரியில் என்ன செய்யும்?

“கரி அடுப்பு வைத்தால் குட்டி நடுங்காது.” இதை மட்டும் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசம் இல்லை, நிறம் இல்லை. குட்டியும் எழுந்திருக்காது, நீங்களும் எழுந்திருக்க மாட்டீர்கள். குளிர்காலம் வந்தால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இந்தச் சாவுச் செய்தி வருகிறது. இன்னும் எத்தனை முறை படிக்க வேண்டும்?

போர்வைக்குள் அரிப்பு

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஏறிய நாய் ராத்திரி முழுக்கச் சொறியும். கழுத்து மணி கிணுகிணுக்கும். பிறகு வீட்டிலுள்ளோர் சொறிவார்கள். நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலில் நிலைக்காது என்றாலும் சில நாள் அரித்தெடுக்கும். பூனைக்குட்டியிடமிருந்து படர்தாமரை வரும். அதற்கு மெடிக்கலில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கிடைக்கும். மூன்று நாளில் அரிப்பு அடங்கும், மூன்று வாரத்தில் தொடை, இடுப்பு, முகம் என்று படரும். இப்போது வருகிற படர்தாமரை பழைய மருந்துகளுக்குச் சுலபமாக மசிவதில்லை. அதில் இந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாய்க்கு மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். அது நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும்.

பாஸ்டர் நிலையம் இருக்கும் ஊரில் மிளகாய்ப்பொடியா?

தூக்கத்தில் புரண்டு நாயின் மேல் கால் பட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கும். பூனை கீறும். “வளர்ப்பு நாய்தானே” என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் அப்பிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் குன்னூரில்! 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இயங்கும் ஊர் இது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகத் தென்னிந்தியாவே இந்த ஊரைப் பார்த்த காலம் உண்டு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பெரியவர்களை விடவில்லை. அந்த ஊசி ஒழிந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போது கையில் நான்கைந்து தவணைதான். அரசு மருத்துவமனையில் இலவசம்.

கடித்தாலோ கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். எதையும் தடவாதீர்கள். அன்றைக்கே வாருங்கள். நோய் அறிகுறி தொடங்கிய பிறகு வந்தால் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

கொஞ்சம் கேளுங்கள்

நாயை வீட்டுக்குள் வையுங்கள், கட்டிலில் மட்டும் வேண்டாம். சமையலறை மூலையோ, கம்பிக்கதவு போட்ட வராந்தாவோ போதும். தரைக்குளிர் ஏறாமல் ஒரு பலகை, அதன் மேல் சாக்கு, பழைய கம்பளி. முதல் சில ராத்திரிகள் கதவைப் பிறாண்டும், அழும். எழுந்து போய்க் கொஞ்சினால், அழுதால் ஆள் வருவார் என்று கற்றுக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு மட்டும் நடுராத்திரியில் சிறுநீர் அடக்க வராது. அதற்கு மூலையில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். வெளியே கொண்டுபோக வேண்டாம்.

வெளிச்சம் இருக்கும்போதே நன்றாக ஓடவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் கொடுத்துவிட்டு, படுக்கும் முன் வாசல் விளக்கைப் போட்டு, டார்ச்சோடு கூடவே நின்று ஒருமுறை சிறுநீர் கழிக்கவிட்டுக் கொண்டுவாருங்கள். மணியைக் கழற்றுங்கள். பூனை விடியலில் தட்டினால் உடனே பால் வைக்காதீர்கள், மறுநாள் இன்னும் முன்னாடியே தட்டும். மிச்சச் சோற்றை வாசலில் கொட்டினால் பன்றி வரும், கரடி வரும், நாய் குரைக்கும், தெருவே விழித்துக்கொள்ளும்.

கைக்குழந்தை படுக்கும் இடத்தில் நாயோ பூனையோ கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டிலும் அப்படியே. இதில் பாசத்தைக் கொண்டுவந்து என்னிடம் வாதாடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இரண்டு மூன்று வாரமாக அது இல்லையென்றால் மெடிக்கலுக்குப் போகாமல் மருத்துவரிடம் வாருங்கள். அதுவரை ஒரு வேண்டுகோள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; மேட்டுப்பாளையம் இறக்கமும் லேசானது அல்ல. ராத்திரி நாய் தூங்கவிடவில்லை என்றால் காலையில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். பஸ்ஸில் போங்கள்.