கணிப்பொறிக் காவலனுக்குச் சந்தா மட்டும் போதுமா?

சென்ற தீபாவளி விடுமுறைக்கு நான் கோவில்பட்டி போயிருந்தபோது, எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் திரை மூலையில் ஒரு சிவப்பு அடையாளம் நின்றுகொண்டிருந்தது. "எத்தனை நாளா இப்படி இருக்குப்பா?" என்று கேட்டேன். "அது கெடக்கும்மா, காசு கேக்குது. நாமதான் கட்டியாச்சே. இன்னும் இருநூறு நாள் பாக்கி கெடக்குல்லா?" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார் அப்பா. ரசீதும் உண்மை, இருநூறு நாளும் உண்மை. ஆனால் அந்தச் சிவப்பு அடையாளம் காசு கேட்கவில்லை. தன்னிடம் இருந்த பட்டியல் எட்டு மாதப் பழசாகிவிட்டது, புதியது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா குழம்பியதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் 'ரினியூவல்' என்றும் 'அப்டேட்' என்றும் இரு வேறு சொற்கள் உள்ளன. நாமோ இரண்டையும் 'புதுப்பித்தல்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். முன்னது ஆண்டுக்கொரு முறை சந்தா கட்டுவது. பின்னது நாள்தோறும், சில வேளை ஒரே நாளில் பலமுறை, புதிய வைரஸ்களின் விவரங்களை இணையத்தின் வழியே பெற்றுக்கொள்வது. சந்தா என்பது அந்த விவரங்களைப் பெறும் உரிமை மட்டுமே. உரிமை கையில் இருந்தும் பெறாமலே விட்டுவிடலாம் என்பதை எங்கள் வீட்டில் கண்டேன். எல்லோர் கையிலும் கைப்பேசி வந்த பிறகு, வீட்டு இணைய இணைப்பு எதற்கென்று அப்பா அதை நிறுத்தியிருந்தார். அன்றோடு பட்டியல் வருவதும் நின்றது.

இதனால் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சி பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அப்பா இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசியில் பதிவு செய்து, 41 பதிவுகளை ஒரு பென்டிரைவில் சேர்த்து வைத்திருந்தார். ஆச்சி 2022இல் காலமானார். ஓய்வூதியத் தாள்களை அச்செடுக்க அப்பா ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேறொரு பென்டிரைவைக் கொண்டுபோனார். அதில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது, நம் விடுதியில் எல்லோரும் அறிந்த 'ஷார்ட்கட்' வைரஸ். அடுத்து ஆச்சியின் பென்டிரைவைச் செருகியதும் அதிலும் புகுந்துவிட்டது. இந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறிகளை வைக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்தாலோ, 'அட்ரிப்' என்னும் ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்தாலோ எல்லாம் திரும்பக் கண்ணுக்குத் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கும் தகவல் சொல்லவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் பென்டிரைவை 'பார்மட்' செய்து, வெறுமையாகக் கொடுக்க மனமில்லாமல் பழைய சினிமாப் படங்களை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். படங்கள் மேலே எழுதப்பட்டுவிட்டதால், மீட்பு மென்பொருளைக் கொண்டு நான் இரண்டு இரவுகள் தேடியும் ஆறு பதிவுகளே கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, "ஏலே, இது இன்னும் பிடிக்குதா?" என்று ஆச்சி கேட்கிறார்.

பிறகு என் கைப்பேசி இணையத்தை இணைத்துப் பட்டியலைப் புதுப்பித்தேன். ஓரிரு நிமிடங்களில், கணிப்பொறியில் பதுங்கியிருந்த அந்த வைரஸைப் பெயர் சொல்லிப் பிடித்துவிட்டது காவலன். மென்பொருள் அதே மென்பொருள்தான்.

பட்டியலில் அப்படி என்ன இருக்கிறது? வைரஸும் ஒரு நிரலே. அதன் எண் வரிசையில் வேறெதிலும் காணாத துண்டு ஒன்று இருக்கும். அந்தத் துண்டையோ, முழுக் கோப்பிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணையோ அடையாளமாகக் குறித்துக்கொள்கிறார்கள். ரயில் நிலையச் சுவரில் 'தேடப்படும் குற்றவாளிகள்' என்று படங்களை ஒட்டியிருப்பார்களே, அதைப் போன்றது இது. இக்காலத்து மென்பொருள்கள் முகத்தோடு நடத்தையையும் கவனிக்கின்றன. ஒரு நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளை மளமளவென்று மாற்றத் தொடங்கினால் ஐயம் கொள்கின்றன. எனினும் படங்களின் தேவை குறையவில்லை. ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட் என்னும் ஆய்வு நிலையம், நாள்தோறும் 4,50,000க்கு மேற்பட்ட புதிய தீய நிரல்களைப் பதிவு செய்வதாகக் கூறுகிறது. பெரும்பாலானவை பழையவற்றின் மாறுவேடங்கள்தாம். மாறுவேடமும் புதுப் படம் கேட்கும் அன்றோ?

எல்லா வைரஸ்களையும் ஒரேயடியாகக் கண்டுகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீராதா என்று நம் கணித வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். தீராது என்பதை அமெரிக்காவின் பிரெட் கோஹென் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டிவிட்டார். வாதம் எளிது. பிழையே செய்யாத சோதனை நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதனிடம் "நான் வைரஸா?" என்று கேட்டு, "ஆம்" என்று விடை வந்தால் சும்மா இருக்கவும், "இல்லை" என்று வந்தால் பரவவும் செய்கிற ஒரு நிரலை நான் எழுதுகிறேன். சோதனை நிரல் எந்த விடையைச் சொன்னாலும் அது பிழையாகிவிடும். ஆகவே பிழையே செய்யாத சோதனை நிரல் இருக்க இயலாது. பட்டியல் ஓயாமல் வளர்ந்துகொண்டிருப்பதற்கு வியாபாரிகளின் பேராசையே காரணம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இந்த வாதத்தைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

காவலனைப் போலவே வீட்டுச் சுவரும் முக்கியம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை, 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இடையில் 59 நாட்கள் இருந்தன! ஆகவே விண்டோஸின் சொந்த அப்டேட்டையும் தள்ளிப்போடலாகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் வீட்டில் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்.

அப்டேட்டே ஆபத்தாவதும் உண்டு என்று சிலர் சொல்வர். உண்மை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோயின, விமானங்கள் ரத்தாயின. அது அலுவலகங்களுக்கான மென்பொருள். அதை எண்ணி வீட்டில் அப்டேட்டை நிறுத்துவது, எங்கோ ரயில் தடம் புரண்டதென்று ஊருக்குப் போகாமலே இருப்பதை ஒக்கும்.

இனிப் பணத்தைப் பற்றி. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றோடு டிபெண்டர் என்னும் தடுப்பு மென்பொருள் இலவசமாகவே வருகிறது. அதற்குச் சந்தா கிடையாது. கையில் காசு குறைந்த மாணவருக்கு, முறையாக அப்டேட் செய்த டிபெண்டரே போதும் என்பது என் கருத்து. வேறொன்றை வாங்கினால் டிபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும்; ஆகையால் அதன் சந்தா முடிந்த பின் டிபெண்டர் மீண்டும் பணியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விலைக்கு வாங்க விரும்புவோருக்குச் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டுச் சரக்குகளும் உண்டு. இரண்டை ஒன்றாக நிறுவ வேண்டாம். ஒன்றையொன்று திருடன் என்று எண்ணிச் சண்டையிடும்.

"உங்கள் வைரஸ் தடுப்புச் சந்தா புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் ரூபாய் எடுக்கப்பட்டது, வேண்டாமெனில் இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் மின்னஞ்சல்கள் இப்போது மிகுந்துவிட்டன. அழைத்தால், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். நிறுவியபின் வங்கிக் கணக்கு அவர்கள் கையில். ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் முதலான விதிப்படி, கார்டிலிருந்து தானாகச் சந்தா எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். ஐயமிருந்தால் வங்கிக் கணக்கை நேரே பாருங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். தமிழைத் தவிர வேறு மொழி அறியாத நம் பெற்றோரிடம் இதைத் தமிழில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் வீட்டுக் கணிப்பொறியில் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, வைரஸ் பகுதியில் 'லாஸ்ட் அப்டேட்' என்பதற்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். வேறு நிறுவனத்து மென்பொருளிலும் இத்தகைய தேதி இருக்கும். இணையம் இல்லாத வீடாயின், முழுப் பட்டியலையும் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இங்கேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம், நூறு எம்.பி.க்கு மேல் இருக்கும், பல்கலைக்கழக இணையத்தில் அது பெரிதன்று.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு காலையில் அப்பா தம் கைப்பேசி இணையத்தைக் கணிப்பொறிக்கு இணைத்து, அரைமணி நேரம் விட்டுவைக்கிறார். பிறகு என்னை அழைத்து, ரசீதில் உள்ள நாட்கணக்கைச் சொல்லாமல், திரையில் உள்ள தேதியைப் படிக்கிறார். சென்ற ஞாயிறு அவர் படித்தது அன்றைய தேதிதான்.