பெயர் தொலைந்த டாஃபடில்கள்

இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் ஜில்லாக்களுக்கு எல்லையாய் ஓடும் டாமர் நதியின் சரிவுகளில், வசந்தம் பிறந்ததும் வேலி ஓரங்களிலே டாஃபடில் புஷ்பங்கள் மஞ்சளும் வெள்ளையுமாய் மலர்வதைக் காண்போர், அவை இயற்கையாய் முளைத்த காட்டுப் பூக்கள் என்றே எண்ணுவர். உண்மை வேறு. லண்டன் சந்தைக்கு ரயிலில் பூ அனுப்பி ஜீவனம் செய்துவந்த அப்பள்ளத்தாக்கின் குடியானவர்கள், இரண்டாவது உலக யுத்தத்தின்போது பூவை விட்டு உணவுப் பயிர் செய்ய வேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட்டதால், வயலிலிருந்து தோண்டியெடுத்த கிழங்குகளை வேலியோரங்களில் கொட்டிவிட்டார்கள். கவனிப்பாரின்றிக் கிடந்தும் அவற்றிற் பல இன்றளவும் பூத்து வருகின்றன.

வேலியில் பிழைத்த இந்தச் செடி, பழைய வீட்டுத் தோட்டங்களில் மட்டும் இலையாய் அடர்ந்து பூவின்றி நிற்பதேன்? டாஃபடிலின் கிழங்கு, வெங்காயத்தைப்போல், உணவு சேமித்த சதைப்பற்றான அடுக்குகளால் ஆனது. அடுத்த வருஷத்து மொட்டு, இவ்வருஷத்துப் பூ வாடிய சில வாரங்களுக்குள்ளேயே கிழங்கின் கர்ப்பத்தில் உருவாகிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஆகாரத்தைச் சூரிய வெளிச்சத்தில் சமைத்துத் தருவது இலையே. ஆகவே, பூ முடிந்ததும் பார்வைக்கு அழகில்லை என்று இலையை வெட்டுவதும், அந்நாட்டுத் தோட்டக்காரர் சிலர் செய்வதுபோல் மடித்து முடிச்சிடுவதும், செடியின் வயிற்றில் அடிப்பதேயாகும். குறைந்தபட்சம் ஆறு வாரமாவது இலை தன்போக்கில் நிற்க வேண்டும். மற்றொரு காரணம் நெருக்கம். ஒரு கிழங்கு பலவாய்ப் பிரிந்து, பல வருஷங்களில் கொத்தாய் இறுகி, ஒன்றுக்கும் போதிய ஆகாரமின்றி யாவும் மெலிந்துபோகின்றன.

கொத்தைப் பிரித்து நடும் பரிகாரம் சுலபம், ஆனால் காலந்தான் சிக்கல். பெயர் தொலைந்த செடி இன்ன ரகம் என்று நிச்சயிப்பதற்குப் பூ வேண்டும். கிழங்கைப் பிரிப்பதற்கோ இலை மஞ்சளித்துச் சாய்ந்த பருவம் வேண்டும். அப்பொழுது பூவும் இல்லை, சிறிது நாளில் இலையும் இராது. ஆதலால் பூக்கும் கொத்துக்கருகே வசந்தத்திலேயே ஒரு குச்சியை நட்டு அடையாளம் எழுதி வைத்து, கோடையில் தோண்டிப் பிரித்து, மிருதுவாய் அழுகியவற்றை நீக்கி, கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் இடைவெளி விட்டு நடுவதே முறை. கிழங்கினுள் நுழையும் நுண்புழுவை, சுமார் 43 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் சில மணி நேரம் அமிழ்த்திக் கொல்லலாம் என்று முதல் உலக யுத்த காலத்தில் ராம்ஸ்பாட்டம் என்னும் ஆராய்ச்சியாளர் நிரூபித்தார். வீட்டிலே பரீட்சிக்கத் தக்க உபாயமன்று. உஷ்ணம் சற்று மிஞ்சினால் கிழங்கே கெடும்.

இனி, பெயர். டாஃபடில்களை 13 பிரிவுகளாய் வகுத்திருக்கும் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி என்னும் தோட்டக்கலைச் சங்கத்தார், முதற்கண் அளப்பது பூவின் நடுவிலுள்ள கிண்ணத்தை. தண்டுக்கொரு பூவாய், கிண்ணம் இதழின் நீளத்துக்குக் குறையாதிருப்பின் முதற்பிரிவு. இதழில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டு முழு நீளத்துக்குக் குறைந்தால் இரண்டாவது. அதற்கும் சிறிதானால் மூன்றாவது. எந்த வாரத்தில் பூத்தது, வாசனை உண்டா என்பனவும் துணை செய்யும். பழைய ரகங்களின் இதழ் பெரும்பாலும் ஒடுங்கி முறுக்கியிருக்கும். அகன்று தட்டையாய் ஒன்றன்மேலொன்று படிந்த இதழ் புதிய காலத்துக் கைவண்ணம். ஆயினும் ஒரே வருஷத்துப் பூவை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. வின்சென்ட் ஸியான் என்ற பிளெமிஷ்காரர் லண்டனில் வளர்த்து, 1620-இல் பூத்ததாக ஜான் பார்க்கின்சன் 1629-இல் எழுதிவைத்த 'வான் ஸியான்' என்னும் அடுக்குப்பூ, மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி ஒருசமயம் ஒழுங்கான பொன்னிறமாயும், மற்றொருசமயம் பச்சைபடிந்து கலைந்தும் தோன்றும் ஸ்வபாவமுடையது.

கடைக்காரர் ஒட்டிய சீட்டையும் பிரமாணமாய்க் கொள்ள வேண்டாம். 1899-இல் அத்தோட்டக்கலைச் சங்கத்தாரின் முதல்தரச் சான்றிதழ் பெற்ற 'கிங் ஆல்பிரட்' என்னும் ரகம் மிகப் புகழடைந்தமையால், 'டச்சு மாஸ்டர்' முதலிய பிற்காலத்து மஞ்சள் ரகங்களும் அப்பெயராலேயே விற்கப்படலாயின. எனவே தாத்தா நட்ட 'கிங் ஆல்பிரட்' என்று ஒருவர் சொல்வதைவிட, நட்ட வருஷம் இன்னதென்ற குறிப்பே அதிக மதிப்புள்ள சாட்சியம் என்பது என் அபிப்பிராயம். பெயர் தெரியவில்லையே என்று எந்தக் கிழங்கையும் எறிந்துவிடாதீர்கள். பிரித்து நட்ட சிறு குட்டிகள் பூக்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும், அதுவரை பொறுத்திருங்கள்.