சிஸ்டரின் லெட்ஜர்!

'இருபது வருஷ சர்வீஸ் சார்!' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர் ஆபீஸுக்கு ஒருவராவது இருப்பார். அந்த இருபது வருஷத்தில் என்ன கற்றார் என்று விசாரித்துப் பாருங்கள். எந்த ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறது, கேன்டீனில் எத்தனை மணிக்கு வடை சூடாக வரும்... அதற்கு மேல் போனால் ஆச்சரியம்தான்!

போகட்டும், ஃபைலுக்கு உயிர் கிடையாது. ஆஸ்பத்திரி வார்டில் இப்படி ஒருவர் இருந்தால்?

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே நர்ஸாக வேலை பார்க்க 'நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சி'லில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணி நேரம் வேலை பார்த்த கணக்கு, 35 மணி நேரம் படித்த கணக்கு, வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து அபிப்பிராயங்கள் எல்லாம் காட்டியாக வேண்டும். அதோடு விட்டார்களா? தன் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து ஐந்து குறிப்புகள் எழுத வேண்டும். அப்புறம் பதிவு பெற்ற சக ஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். இங்கிருந்து போய் அங்கே பதிவு செய்துகொண்ட நர்ஸ்களுக்கும் இதே சட்டம்தான்.

இதற்கு 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்' என்று பெயர். நம் பாஷையில், செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது.

ஆறே ஆறு கேள்வி

எப்படித் திரும்பிப் பார்ப்பதாம்? கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-ல் ஆறு படி போட்டுக் கொடுத்தார். என்ன நடந்தது? அப்போது மனசில் என்ன ஓடியது? எது சரி, எது கோணல்? ஏன் அப்படி? வேறென்ன செய்திருக்கலாம்? அடுத்த தடவை என்ன செய்வேன்?

அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதா? ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம்.

ராத்திரி டியூட்டி. பார்வையாளர் நேரம் முடிந்து கிளம்பும் பெரியவரின் மனைவி, "அவர் வழக்கம்போல இல்லைம்மா... என்னவோ மாதிரி இருக்கார்" என்கிறார். நர்ஸ் சார்ட்டைப் பார்க்கிறார். ஜுரம் இல்லை, பி.பி. சரி, நாடி சரி. "எல்லாம் நார்மல்தாம்மா, பயப்படாதீங்க!" அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறார். விடியற்காலையில் கொதிக்கிற ஜுரம், பி.பி. சரசரவென்று இறங்குகிறது. டாக்டர்கள் ஓடி வந்து காப்பாற்றி விடுகிறார்கள்.

'பிழைச்சுட்டாரே, அப்புறம் என்ன?' என்று நர்ஸ் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அல்லது ஆறு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். முதல் மூன்றும் சுலபம். 'ஏன்?' என்ற நாலாவதில்தான் விஷயம் இருக்கிறது. 'நான் சார்ட்டைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் சொன்னதை வெறும் பயம் என்று நினைத்துவிட்டேன்.' ஆறாவதற்குப் பதில் தானாக வந்துவிடும். 'இனிமேல் வீட்டுக்காரர்கள் அப்படிச் சொன்னால், நம்பர் சரியாக இருந்தாலும் அரை மணியில் மறுபடி போய்ப் பார்ப்பேன். டாக்டர் காதிலும் போட்டு வைப்பேன்.'

அடுத்த பெரியவருக்கு இது உயிர்!

டே புக்கும் லெட்ஜரும்

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டே புக்கில் தேதிவாரியாக எல்லாம் இருக்கும். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அது சொல்லாது. லெட்ஜரில் போஸ்டிங் போட்டால்தான் தெரியும். அனுபவமும் அப்படித்தான். வெறும் சர்வீஸ் டே புக். திரும்பிப் பார்ப்பது போஸ்டிங்!

அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை பேட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய புத்தகத்தில், புதுசாக வரும் நர்ஸ் கைதேர்ந்தவராக ஆவதை ஐந்து படிகளாகப் பிரித்தார். காலண்டர் தாள் கிழிவது அனுபவமாகாது, நடந்தது நம் பழைய எண்ணத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

உண்மையை எழுதினால்?

இங்கேதான் சிக்கல். 'என் தப்பு' என்று கைப்பட எழுதி வைத்தால், நாளைக்கு அதுவே கோர்ட்டில் சாட்சியாகி விட்டால்? 2018-ல் ஒரு டாக்டரின் வழக்கையொட்டி பிரிட்டன் முழுக்க இந்தப் பயம் பரவியது. பயந்தவர் என்ன எழுதுவார்? 'சிறப்பாகச் செயல்பட்டேன், மேலும் சிறப்பாகச் செயல்படுவேன்!' நம் ஆபீஸ் அப்ரைசல் ஃபாரம் மாதிரி!

2019-ல் மருத்துவ, நலத்துறைகளைக் கண்காணிக்கும் ஒன்பது அமைப்புகள் சேர்ந்து, திரும்பிப் பார்ப்பது அவசியம் என்று கூட்டறிக்கை விட்டன. புகாரை விசாரிக்க இந்தச் சொந்தக் குறிப்புகளைக் கேட்கமாட்டோம் என்றும் உறுதி சொன்னார்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் குறிப்பில் எழுதக் கூடாது என்பது நர்ஸ்களுக்கு ஏற்கெனவே உள்ள விதி.

ஆக, பேனா கொடுத்தால் மட்டும் போதாது, எழுதுகிறவருக்குத் தைரியமும் கொடுக்க வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டால் மெமோ வரும் என்கிற இடத்தில் லெட்ஜர் எப்போதும் டாலி ஆகும். பொய்யாக!

நீங்களும் இன்று ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஆறு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். நாலாவது கேள்வி வந்ததும், 'மானேஜர்தான் காரணம்' என்று கை பரபரக்கும். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், உண்மையாகக்கூட இருக்கலாம்.

ஆனால் ஐந்தாவது கேள்வி, மானேஜர் வேறென்ன செய்திருக்கலாம் என்பதல்ல சார்!