மேட்டு லயத்துக் கூரையும் தென்மேற்குக் காற்றும்

நிலத்தை ஒட்டி வீசும் காற்று மரத்திலும் மதிலிலும் உரசி வேகம் இழக்கிறது. மேலே போகப் போக உரசுவதற்கு ஏதும் இல்லாததால் வேகம் கூடுகிறது. கொழும்பில் 350 மீற்றர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் தாமரைக் கோபுரம் போன்ற கட்டடங்களுக்குக் காற்றைத் தனியாகக் கணக்கிடுவது இதனால்தான். கொத்மலையில் அப்படிப்பட்ட கோபுரங்கள் இல்லை. இங்கே உயரத்தை மலையே கொடுத்துவிடுகிறது. சரிவில் ஏறிவரும் காற்று முகட்டில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். பூண்டுலோயா, ரம்பொட, லபுக்கலைப் பக்கங்களில் மேட்டில் நிற்கும் லயம் ஒற்றை மாடிதான். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை அதன் கூரை தாங்குவது மாடிக் கட்டட உச்சியில் அடிக்கும் காற்றை.

உண்மையிலேயே உயர்ந்த கட்டடங்களில் ஆபத்து வேறு விதமாக வரும். காற்று கட்டடத்தைச் சுற்றிப் போகும்போது இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று, கட்டடத்தைக் குறுக்காக ஆட்டுகின்றன. அந்தத் தாளம் கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். தாய்ப்பே 101 கோபுரத்தின் மேல்மாடிகளில் 660 தொன் எடையுள்ள உருண்டை தொங்குவது அதைத் தணிக்கத்தான். தோட்டங்களில் உயர்ந்த கட்டடம் என்றால் தேயிலை ஸ்டோர்; அங்கே ஆபத்து ஜன்னல் வழியாக வரும். கந்தப்பளையில் ஹோட்டலாக மாறிய ஹெதர்செட் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும்: பல மாடிகள், மேல்மாடிகளில் கொழுந்து வாட்டும் தளங்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள். காற்று அடிக்கும் பக்க ஜன்னல்கள் திறந்தும் எதிர்ப்பக்கம் மூடியும் இருந்தால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தள்ளும்.

வீட்டுக் கூரையிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தாழ்வான சரிவுள்ள தகரக் கூரையில் காற்று பெரும்பாலும் மேல்நோக்கியே இழுக்கிறது. கூரையைத் தாண்டும்போது காற்று விரைவதால் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு மிக அதிகம். இஸ்தோப்புக்கு மேல் நீண்டிருக்கும் கூரையை அடியிலிருந்து காற்று தள்ள, மேலிருந்தும் இழுப்பு சேர்கிறது. முதலில் பிய்வது அந்தப் பகுதிதான்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளிக்குப் பின் நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்குக் கரையோர முதல் வலயத்தில் சாதாரணக் கட்டடங்களுக்கு வினாடிக்கு 49 மீற்றர் வேகம் விதிக்கப்பட்டது. மலையகம் சேரும் மூன்றாம் வலயத்துக்கு 33 மீற்றர், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகிறது. எட்டடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தகரத்தின் எடை பத்து கிலோவைத் தாண்டாது; அதே காற்று அதை 120 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தூக்கலாம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால் சிறு மாற்றமும் பெரிதாகிவிடும். இலங்கைப் பொறியியலாளர்கள் நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானிய விதிக்கோவை, திறந்த மலைச்சரிவுக்கும் முகட்டுக்கும் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டச் சொல்கிறது. அழுத்தம் இதனால் இருபது சதவீதத்துக்கு மேல் உயர்கிறது. வலய வரைபடத்தை மட்டும் பார்த்து மலையகத்தில் காற்று குறைவு என்று முடிவுகட்டுவது தவறு.

கூரையில் கல்லையும் பழைய டயரையும் வைப்பது தோட்டங்களில் பழகிப்போன வைத்தியம். நாலைந்து கற்களின் எடை அந்த இழுப்புக்கு ஈடாகாது. தகரம் பறக்கும்போது கல்லும் ஆள்மேல் விழும். கூரையைப் பிடித்து வைப்பது இணைப்புகள். தகரத்தைச் சிலாகையோடு ஆணியால் அறைவதைவிட வாஷர் போட்ட கொக்கி போல்ட்டோ திருகாணியோ பாதுகாப்பானது. ஓரங்களிலும் மூலைகளிலும் அவற்றை நெருக்கமாகப் போடவேண்டும். சிலாகை கைமரத்தோடும், கைமரம் சுவரோடும் இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருக்கவேண்டும். தகரம் மட்டும் இறுக்கமாக இருந்து, கைமரம் சுவர்மேல் சும்மா கிடந்தால் கூரை முழுவதும் ஒரே துண்டாகக் கிளம்பும். நூறாண்டு கடந்த லயங்களில் உளுத்த மரத்தை மாற்றாமல் புதுத் தகரம் போடுவது வீண்செலவு. இஸ்தோப்புக் கூரையைத் தனியாகப் பொருத்தினால் அது போனாலும் காம்பராக் கூரை தப்பும். அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு உடைந்தால் துண்டுகளை நனைத்து எடுக்கவேண்டும். அறுக்கவோ அரைக்கவோ கூடாது.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல். 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையதாகவே இருக்கிறது. லயத்தில் தலைமுறைகளாக வாழ்பவர்களிடம் காணி உறுதி இல்லை. கூரை பறந்தால் தோட்ட அலுவலகம் பிரதேச செயலகத்தைக் காட்டுவதும், அங்கிருந்து மறுபடி தோட்டத்துக்கே அனுப்புவதும் இதனால் நேர்கிறது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதால், பொதுவழியில் சாயும் மரம், வடிகால் போன்றவற்றுக்குச் சபையிடம் கோருவது இப்போது எளிது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு பெற்றவர்கள் தங்கள் பெயரிலேயே இழப்பீட்டைக் கோரலாம். ஆனால் தனி வீட்டை நான்கு புறமும் காற்று தாக்கும். பக்கத்துக் காம்பராவின் மறைப்பு அதற்கு இல்லை.

கூரை தளர்ந்திருப்பது தெரிந்தால் பருவக்காற்றுக்கு முன்பே தோட்டத்துரைக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்குக் கொடுப்பது பயன் தரும். வாய்ச்சொல்லாகத் தோட்டத் தலைவரிடம் சொன்னது பின்னால் சான்றாகாது. சேதம் நேர்ந்தால் தகரத்தைப் பொறுக்கி அடுக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரின் அறிக்கையைப் பெறவேண்டும். நிவாரணமும் காப்புறுதியும் அதை வைத்தே நகர்கின்றன. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இல் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை வரம்பு வைத்தது. சுற்றறிக்கைகள் மாறுவதால் நடப்பு வரம்பைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிய வேண்டும். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

கடும் மழையோடு காற்று வந்தால் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கொத்மலையில் பேரிழப்பைத் தந்தது மண்சரிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் கூரை உறுதியாக இருந்தாலும் வெளியேறவேண்டும். வீட்டுக்குள் இருக்க நேர்ந்தால் காற்றடிக்கும் பக்கக் கதவு ஜன்னல்களை மூடி, கூரை ஓரத்திலிருந்து விலகி உட்காரவேண்டும்.

வேலை நேரத்தில் மலையில் மரம் விழுந்தோ ஸ்டோர் கூரை சரிந்தோ காயம்பட்டால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி தொழில்தருநரிடம் நட்டஈடு கோரலாம். வீட்டுச் சேதத்துக்கான நிவாரணத்திலிருந்து இது வேறு. ஒன்றைப் பெற்றவர் மற்றதை இழப்பதில்லை. விண்ணப்பம் தேங்கினால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அது எந்த மேசையில் நிற்கிறது என்று பிரதேச செயலகத்தைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், தமிழில் கேட்டு மீண்டும் எழுதலாம்.