மன்னாருக்கு ஒரு ஆல்பம்

பாரிஸ் போகும் ஈழத் தமிழர் தவறாமல் எட்டிப்பார்க்கும் இடம் லா சப்பல். அங்கே மளிகையும் தோசையும் கிடைக்கும். அந்தத் தெருவைக் கடந்து ஒரு பிரெஞ்சுப் புத்தகக் கடைக்குள் நுழைபவர்களுக்கு வேறொரு உலகம் காத்திருக்கிறது. சித்திரக்கதைக்கென்றே சுவர் நீள அலமாரிகள். கெட்டி அட்டை, பெரிய அளவு, முழு வண்ணம், பெரும்பாலும் 48 பக்கம்: இதைத்தான் ஆல்பம் என்கிறார்கள். பேரனும் தாத்தாவும் அருகருகே நின்று புரட்டுகிறார்கள். படித்துவிட்டு எறிகிற சமாச்சாரமல்ல இது. வீட்டில் சேர்த்துவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது.

பெல்ஜியத்தில் 1929இல் சித்திரக்கதை நாயகன் டின்டின் பிறந்தான். 1959இல் கொசினியும் உடெர்சோவும் பிரான்சில் ஆஸ்டெரிக்ஸை உருவாக்கினார்கள். அங்கூலெம் நகரில் 1974இல் சித்திரக்கதைக்குப் பெருவிழா தொடங்கியது. பாடசாலை மாணவர்களுக்கான போட்டியும் அதில் இடம்பெற்றது. ஷாக் மார்த்தன் 1948இல் தொடங்கிய ‘அலிக்ஸ்’, ரோமக் குடியரசின் கடைசிக் காலத்துக் கதை. கட்டடம், உடை, கப்பல் எல்லாவற்றையும் ஆராய்ந்து வரைந்ததால் வரலாற்று ஆசிரியர்களும் லத்தீன் ஆசிரியர்களும் அதை வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். அகராதிக்குப் பேர்போன லரூஸ் நிறுவனமே 1976இல் பிரான்சின் வரலாற்றைச் சித்திரக்கதையாக வெளியிடத் தொடங்கியது.

தமிழுக்கும் பிரெஞ்சுச் சித்திரக்கதைக்குமான உறவு புதிதல்ல. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. லக்கி லூக் அந்த வழியாகவே தமிழ் பேசினான். ‘புளூபெரி’ கேப்டன் டைகர் ஆனார். ‘பதின்மூன்று’ என்ற தொடர் ‘இரத்தப் படலம்’ ஆயிற்று. கடலுக்கு இப்பால் இலங்கையிலும் இவற்றுக்கு வாசகர்கள் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் சாகசக் கதைகள். அலிக்ஸ் செய்த வேலையைத் தமிழில் செய்ய, நம் மண்ணிலிருந்து ஆல்பம் வரவேண்டும்.

மன்னாரை எடுத்துக்கொள்வோம். அரிப்பு என்ற ஊரின் முத்துக்குளிப்பைப் பாடநூல் இரண்டு வரியில் முடித்துவிடும். விரித்த இரண்டு பக்கத்தில் அதை வரைந்து காட்டினால் எப்படியிருக்கும்? மேலே வள்ளம், கயிறு பிடித்து நிற்கும் துணையாள். கீழே, காலில் கல்லோடு முத்துச்சிப்பிப் பாருக்கு இறங்கும் குளியாளி. அவன் கையில் சிப்பி அள்ளும் பை. சுறாவை மந்திரத்தால் கட்டிவைப்பதாக நம்பப்பட்ட கடல்கட்டி ஒரு கட்டத்தில். அடுத்த பக்கத்தில், கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பிகளைக் கழுவி முத்துத் தேடும் கூட்டம். தூரத்தில் ஆளுநர் ஃபிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை. இன்று கடல் அரித்துத் தின்னும் இடிபாடு அது. தொழில், வணிகம், ஆட்சி, நம்பிக்கை நான்கும் ஒரே பார்வையில் பிள்ளைக்குப் புரியும்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பள்ளிமுனையில் அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையும் அங்கு வரும் பூநாரைகளும். 1914இல் தொடங்கிய தலைமன்னார் கப்பல் பாதையும், அதன் மறுமுனையில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியும்.

துயரத்தையும் சித்திரக்கதை சொல்லும். பெஞ்சமின் டிக்ஸ் 2008 வரை வன்னியில் ஐ.நா. பணியில் இருந்தவர். அவர் எழுத, லிண்ட்சே பொல்லக் வரைந்த ‘வன்னி’ 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. போரில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை. 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களின் கதையும், 2007, 2008இல் மடுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்களின் கதையும் அப்படி வரையப்பட வேண்டியவை. வளர்ந்த மாணவர்கள் அவற்றை வகுப்பறையில் பேச வேண்டும்.

வரையத் தெரிந்த பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். கதை சொல்லத் தெரிந்த கடற்றொழிலாளர்களும் ஊரில் இருக்கிறார்கள். மன்னார் ஆசிரியர்களே, இந்தத் தவணையில் ஒரு சித்திரப் பாடவேளையை ஒதுக்குங்கள். ஊரின் ஒரு கதையை நான்கு பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் அதை அச்சாக்க உதவட்டும்.