இரண்டு சம்பளம், ஓர் அடுக்களை

கணவன், மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் நம் குமரி மாவட்டத்தில் இன்று ஏராளம். காலை எட்டு மணிக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால் இது விளங்கும். தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக ஆசிரியைகளும் செவிலியரும் அலுவலகப் பெண்களும் பேருந்துக்கு விரைவதைக் காணலாம். இவர்கள் இல்லத்தையும் வேலையையும் ஒருசேர நடத்துவது எங்ஙனம்? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையிலும், அத்தகைய குடும்பத்துப் பிள்ளை என்ற முறையிலும் இதனைச் சற்று ஆராய விழைகிறேன்.

கேள்வி பழையது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1928ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பெண்களுக்கு அரசு வேலை அளித்தால் குடும்ப வாழ்வு கெடும் என்ற கருத்தை அறிஞர் டி. கே. வேலுப்பிள்ளை அங்கு எடுத்துரைத்தார். சட்டம் பயின்ற அன்னா சாண்டி என்ற இளம்பெண் மேடையேறி அவர் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். அதே அன்னா சாண்டி 1937இல் சமஸ்தானத்தில் முன்சீப் ஆனார். 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியும் ஆனார். அவருடைய கணவர் காவல்துறை அதிகாரி. இருவரும் பணிபுரிந்த இல்லம் அது.

ஆக, பெண் வேலைக்குப் போகலாமா என்ற வழக்கு என்றோ தீர்ந்துவிட்டது. அவள் வேலைக்குப் போனபின் வீட்டு வேலை யாருடையது என்ற வழக்குதான் இன்னும் தீரவில்லை.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம் அளித்த 12 வார விடுப்பு, 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அப்போது விதிக்கப்பட்டது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு வழங்குகிறது. ஆனால் விடுப்பு முடிந்தபின் தினமும் விடியும் பொழுதுகளுக்குச் சட்டம் எதுவும் இல்லை. 2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள், அவ்வேலை செய்யும் ஆணோ 97 நிமிடம். அதையும் செய்யும் ஆண்கள் நால்வரில் ஒருவரே.

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தந்தையார் பதவி உயர்வு பெற்று மதுரைக்குச் சென்று இரண்டாண்டு இருந்தார்கள். வீடு எப்படி நடக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பட்டதாரி ஆசிரியையான தாயாருக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தது. வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "நான் போனா இங்க அடுப்பு எரியாதுல்லா மக்கா" என்றார்கள். அப்போது நான் பத்தாம் வகுப்பு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அந்தப் பதவி போனதில் என் பங்கும் உண்டு என்பதை உணரச் சில ஆண்டுகள் பிடித்தன.

மிக்சியும் கிரைண்டரும் நேரத்தை மிச்சப்படுத்தும், பாரத்தைப் பங்கிடா. பங்கிட வேண்டியவர்கள் மனிதர்களே. வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்பது அப்போது தெரியும். இடமாற்றமும் பதவி உயர்வும் வந்தால், யாருக்கு வந்தாலும் ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் அடுக்களை வேலை பழக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் காலைச் சோறு என் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது தந்தையாருடையது. "உனக்கு அடுக்களையில என்னலே சோலி?" என்று ஆச்சி முதலில் கடிந்தார்கள். இப்போது கஞ்சி பதமாக வடிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை உத்தியோகத்துக்குச் செல்வோம். உத்தியோகம் பார்ப்பவரையே மணப்போம். பதவி உயர்வு ஆணை எவர் பெயருக்கு வந்தாலும் அடுப்பு எரியும் என்று சொல்லக்கூடிய வீடுகளை நாம் அமைப்போமாக!